கடலூர் கல்லூரிக்கு எந்த உடல்நலத் திட்டம் பொருந்தும்?

கல்லூரி திறந்தவுடன் நடக்கும் முதல் கூட்டத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். மாணவர் நலத்துக்கென்று இருக்கும் சிறிய தொகையை இந்த வருடம் எதில் போடுவது? ஒருவர் பெரிய மருத்துவ முகாம் வைக்கலாம் என்பார். இன்னொருவர் யோகா வகுப்பு என்பார். ஹெச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான மாணவர் அமைப்பான செஞ்சுருள் சங்கம்தான் இருக்கிறதே, அதுவே போதாதா என்று ஒரு குரல் எழும். ஆலோசகர் ஒருவரை வைக்கலாம் என்று யாராவது சொன்னால், "அதுக்கெல்லாம் பணத்துக்கு எங்கே போறது?" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

நான் கடலூரில் ஒரு கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என்னிடம் இருப்பதால் இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவற்றை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். கடலூரிலும் பக்கத்தில் புதுச்சேரியிலும் இதே முடிவை எடுக்க வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு ஒரு தெளிவான சாய்வு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. நிகழ்ச்சி முடிந்த மறுநாள் மாணவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் நான் ஒவ்வொன்றையும் எடைபோடுகிறேன்.

முதலில் நம் பிள்ளைகள் யார் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதித் திட்டங்கள் அங்கேயே தோற்றுப்போகின்றன. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம், புவனகிரி பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் அதிகம். காலை ஏழு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பினால் சாப்பாடு இருக்காது. பத்தரை மணிக்கு கேன்டீனில் ஒரு பப்ஸும் டீயும்தான் காலை உணவு. வகுப்பு முடிந்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். பையன்களில் பலர் மாலையில் கேட்டரிங் வேலைக்கோ லாரன்ஸ் ரோடு துணிக்கடைக்கோ போகிறார்கள். ஆகவே "வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம்" என்று தொடங்கும் எந்தத் திட்டத்துக்கும் ஆள் வரமாட்டார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பிரச்சினைகளும் இந்த மண்ணுக்கு உரியவைதான். கன்னியகோவிலில் புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் சரக்கு மலிவு. போவதும் வருவதும் டூவீலரில். வீட்டில் குழுக்கடன் தவணை, முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற சுமை, இரண்டு மூன்று அரியர். இதற்கிடையே ரகசியமாக ஒரு காதல். அப்புறம் சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வந்தபோது, இந்தியா முழுமைக்கும் 11.4 சதவீதமாக இருந்த சர்க்கரை நோய் புதுச்சேரியில் 26.3 சதவீதமாக இருந்தது. நாட்டிலேயே அதிகம் என்ற இடத்தை கோவாவும் புதுச்சேரியும் ஏறக்குறைய பகிர்ந்துகொள்கின்றன. நம் மாணவர்களின் அப்பா அம்மாக்கள் அந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள்.

முகாமும் பரிசோதனையும்

ஒருநாள் விழிப்புணர்வு நிகழ்ச்சியை எல்லோரும் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. நடத்துவது எளிது, போட்டோ கிடைக்கும், அறிக்கை எழுதலாம். அரங்கம் நிறைய ஆட்களைக் காட்டலாம். சிறப்பு விருந்தினராக வருகிற மருத்துவர் பெரும்பாலும் நல்லவர்தான், விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கத்தில் எந்தப் பெண்ணும் எழுந்து மாதவிடாய் பற்றிக் கேட்கமாட்டாள், எந்தப் பையனும் தூக்கம் வராததைப் பற்றிக் கேட்கமாட்டான். செய்தி போய்ச் சேரும். பழக்கம் மாறாது. ஒரு திட்டத்தின் தொடக்க விழாவாக வைத்தால் சரி, அதையே திட்டமாக நினைத்தால் பணம் வீண்.

ரத்தப் பரிசோதனை முகாம் இதைவிட ஒரு படி மேல். உடம்பைப் பற்றி ஓர் எண் கைக்கு வருகிறது, எண் வந்தால் பேச்சு வருகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எங்கள் ரத்ததான முகாமில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரத்தம் கொடுக்க 12.5 வேண்டும் என்பதால் ஆசையாக வரிசையில் நின்ற பெண்களில் எத்தனையோ பேர் திரும்பிப் போவார்கள்.

ஒரு பரிசோதனை முகாமில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் சீட்டை நீட்டினாள். 8.6 என்று நீல மையில் எழுதி வட்டமிட்டிருந்தது. "மேடம், இது நல்லதா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த தோழி தன் 11.2-ஐக் காட்டி, தனக்குத்தான் அதிகமாக வந்திருக்கிறது என்று பயந்துபோயிருந்தாள். வந்த குழு மூன்று மணிக்கு மேஜையை மடக்கிவிட்டது. சீட்டை அந்தப் பெண் செல்போன் கவருக்குள் மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அவளை நான் அடுத்த வாரம் தேடிப் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். மற்ற சீட்டுகளைத் தேட யாரும் இல்லை.

முகாமின் குறை இதுதான். எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் அதைச் சில மாதங்கள் விடாமல் சாப்பிட வேண்டும். முதல் வாரத்திலேயே வயிறு ஒரு மாதிரி இருக்கும், மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். இப்படி ஆகும், பயப்பட வேண்டாம், டீ குடிக்கும் நேரத்தில் மாத்திரையைப் போடாதே, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும் என்று முன்கூட்டியே சொல்ல ஆள் வேண்டும். உடல்நலக் கல்வி என்று நான் சொல்வது இந்தக் கால் மணி நேரப் பேச்சைத்தான். மாதம் ஒருமுறை பெயர்ப் பட்டியலை எடுத்து, மாத்திரை தீர்ந்ததா, மறுபடி பரிசோதித்தாயா என்று கேட்க ஒரு செவிலியரோ ஆசிரியரோ இருந்தால் பரிசோதனை முகாம் செலவுக்கு முழு மதிப்பு உண்டு. அந்த ஏற்பாடு இல்லையென்றால் முகாமைத் தள்ளிப் போடுவதே நல்லது.

பாடமாக வைத்தால்?

இதில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பாதை பிரிகிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பில், எல்லா மாணவர்களுக்குமான மதிப்புக்கூட்டுப் பாடங்களில் உடல்நலமும் நல்வாழ்வும், யோகா, விளையாட்டு ஆகியவை இடம்பெற்றுள்ளன. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகள் புதிய கல்விக் கொள்கையின் வழியில் போவதால் அவர்களுக்கு இது கிரெடிட்டோடு வாய்க்கும். தமிழ்நாட்டில் அந்தக் கொள்கையை அரசு ஏற்கவில்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடக்குழுவில் வைத்து நிறைவேற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டிலும் கணக்கில் வரும் 30 மணி நேரச் சான்றிதழ் வகுப்பாக நடத்தலாம்.

பாடத்தின் பலம் கால அட்டவணை. பஸ்ஸுக்கு ஓடுகிறவரும் மாலை வேலைக்குப் போகிறவரும் காலை பதினொரு மணி வகுப்பில் இருப்பார்கள். யாரும் விடுபடமாட்டார்கள், "எனக்கு என்ன குறை, நான் ஏன் போகணும்" என்ற கூச்சமும் இருக்காது. பலவீனம், அது பாடமாகவே ஆகிவிடுவது. வைட்டமின்களின் பெயரை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதியவர் அன்றைக்கும் காலையில் சாப்பிடாமல்தான் வந்திருப்பார். நடத்துவது யார் என்பதும் பெரிய விஷயம். வேலைப்பளு குறைவாக உள்ளவரிடம் கொடுத்தால் அவர் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார், வேறு வழியில்லை.

இதற்கு நம் நாட்டிலிருந்தே நல்ல சான்று இருக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே உடல்நல மேம்பாட்டுத் திட்டத்தைச் சில பள்ளிகளில் அங்கிருந்த ஆசிரியர்களே நடத்தினார்கள், சில பள்ளிகளில் இதற்கென்று பயிற்சி கொடுத்து அமர்த்திய ஆலோசகர்கள் நடத்தினார்கள். அந்த ஆலோசகர்கள் மனநல மருத்துவர்களோ உளவியலாளர்களோ அல்ல. முடிவு 2018-ல் லான்செட் இதழில் வந்தது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் நன்றாக மேம்பட்டது, சக மாணவர்களின் சீண்டலும் மனச்சோர்வு அறிகுறிகளும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறவில்லை. அங்கே இருந்தவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், நம்முடையவர்கள் கல்லூரி மாணவர்கள் என்ற வித்தியாசம் உண்டு. ஆனால் காரணம் இரண்டு இடத்துக்கும் பொருந்தும். மதிப்பெண் போடுகிறவரிடமும் வருகைப் பதிவேடு வைத்திருப்பவரிடமும் மனம் விட்டுப் பேச முடியாது. ஆசிரியராக இதை ஒப்புக்கொள்வது எனக்குக் கஷ்டமாக இல்லை.

ஆகவே புதுச்சேரி நண்பர்களுக்கு என் யோசனை: பாடம் இருப்பதால் அதை விடாதீர்கள், ஆனால் அக மதிப்பீட்டை எழுத்துத் தேர்விலிருந்து எடுத்து விடுங்கள். ஒரு வாரம் தூங்கிய நேரத்தைக் குறிப்பது, வீட்டில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க அழைத்துப் போவது, கேன்டீன் பட்டியலை மாற்றச் சொல்லி மனு எழுதுவது என்று செய்முறையாக வையுங்கள். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அதன் சமூக மருத்துவத் துறை குருசுக்குப்பத்திலும் இராமநாதபுரத்திலும் சுகாதார மையங்களை நடத்துகிறது. மாணவர்களை அங்கே ஒரு நாள் அழைத்துப் போகக் கேட்டுப் பார்க்கலாம்.

மாணவர்களே மாணவர்களுக்கு

செஞ்சுருள் சங்கம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், நாட்டு நலப்பணித் திட்டம் மூன்றும் ஏற்கெனவே இருப்பவை. புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம், செலவும் மிகக் குறைவு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் வருடத்துக்கு 120 மணி நேரம் கணக்கிலேயே இருக்கிறது. விடுதியில் இரவு பதினொரு மணிக்கு ஒரு பையன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான் என்பது பக்கத்துக் கட்டில்காரனுக்குத்தான் தெரியும். எந்த ஆசிரியருக்கும் தெரியாது. ஹெச்.ஐ.வி. பற்றியும் நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம் என்பது பற்றியும் சக மாணவன் சொன்னால் சிரிக்காமல் கேட்கிறார்கள்.

ஆனால் இவர்கள் தலையில் அதிகம் ஏற்றக் கூடாது. பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் தோழி ஒருத்தி "எனக்கு வாழவே பிடிக்கல" என்று சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டால் அவள் என்ன செய்வாள்? அந்த நிலையில் சத்தியத்தை மீறலாம், மீற வேண்டும் என்று பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். கேட்பது, கூடவே இருப்பது, பெரியவரிடம் ஒப்படைப்பது, இவ்வளவுதான் அவர்கள் வேலை. ஒப்படைக்க அந்தப் பெரியவர் கல்லூரியில் இல்லையென்றால் முழு ஏற்பாடும் அந்தரத்தில் நிற்கும்.

ஆலோசகர் அறை

என் வாக்கு இதற்குத்தான். 2022-ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள இடத்தில் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும், குறைவாக உள்ள இடங்கள் வெளியே உள்ள வல்லுநர்களோடு முறைப்படி தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும், உதவி எண்களை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. ஆக, "வைக்கலாமா" என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. "எப்படி வைப்பது" என்பதுதான் மிச்சம்.

முழுநேரச் சம்பளம் கொடுக்க முடியாத சிறிய கல்லூரிகள் இரண்டு சேர்ந்து ஒருவரைப் பகிர்ந்துகொள்ளலாம், இங்கே இரண்டு நாள், அங்கே இரண்டு நாள். எந்த நாள் என்பது வருடம் முழுக்க மாறக் கூடாது. சமூகப் பணியில் முதுநிலை (எம்.எஸ்.டபிள்யூ.) அல்லது உளவியல் முதுநிலை முடித்து, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை பார்த்தவராக இருந்தால் நல்லது. நேர்காணலில் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரு மாணவி சாக நினைப்பதாகச் சொன்னால் அடுத்த ஒரு மணி நேரத்தில் யார் யாரிடம் பேசுவீர்கள்?" "நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவேன்" என்ற பதில் வந்தால் அந்த விண்ணப்பத்தை அங்கேயே மூடிவிடலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்தும் களப்பயிற்சிக்கு மாணவர்களைக் கேட்டுப் பெறலாம். உதவியாக அவர்கள் அருமையானவர்கள், ஆலோசகருக்கு மாற்றாக அவர்களை வைத்துவிடக் கூடாது.

அறை எங்கே இருக்கிறது என்பது பாதி வேலையைச் செய்துவிடும். முதல்வர் அறைக்குப் பக்கத்தில், அலுவலக வரிசைக்கு எதிரில், "மனநல ஆலோசனை மையம்" என்று பெரிய பலகையோடு இருந்தால் யாரும் உள்ளே நுழையமாட்டார்கள். நூலகத்துக்குப் பின்னால், மற்ற வேலைக்கும் போகிற வழியில், வெளியே காத்திருக்க நாற்காலி போடாத அறையாக இருக்க வேண்டும். குறிப்பேடு ஆலோசகர் பூட்டில் இருக்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்று முதல்வர் கேட்கலாம், யார் வந்தார்கள் என்று கேட்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு, அதையும் மாணவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆலோசகரை அறைக்குள் மட்டும் உட்கார வைத்தால் பத்துப் பதினைந்து பேர்தான் வருவார்கள். வகுப்பு நேரத்திலேயே, முப்பது முப்பது பேராக, அவர் நடத்தும் சிறு அமர்வுகள் வேண்டும். ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடம் நடந்த ஓர் ஒப்பீடு 2015-ல் வெளியானது. ஆசிரியர்களுக்கு அபாய அறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சி கொடுப்பது ஒரு முறை, கேள்வித்தாள் கொடுத்துச் சலித்து எடுத்து நிபுணரிடம் அனுப்புவது ஒரு முறை, மாணவர்களே சூழ்நிலைகளை நடித்துப் பார்த்துப் பேசும் அமர்வுகள் ஒரு முறை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது தற்கொலை முயற்சிகளைத் தெளிவாகக் குறைத்தது மூன்றாவது முறை மட்டும்தான். அது நான்கு வாரங்களில் மொத்தம் ஐந்து மணி நேரம். அதுவும் பள்ளி வயதுதான், வேறு கண்டம்தான். ஆனால் ஐந்து மணி நேரம் என்பது நம் கால அட்டவணைக்குள் அடங்கும் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். அரியர் விழுந்ததை அப்பாவிடம் சொல்வது எப்படி, எல்லைக்குப் போய்க் குடிக்கலாம் என்று நண்பர்கள் கூப்பிடும்போது உறவு முறியாமல் மறுப்பது எப்படி, குடித்தவன் சாவியை வாங்கி வைப்பது எப்படி என்று நடிக்கக் கொடுத்தால் நம் பிள்ளைகள் அசத்துவார்கள்.

செலவில்லாத துணைகளும் இருக்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை அரசு தலைமை மருத்துவமனை வழியாக அணுகலாம். ஆலோசகர் வேலைக்குச் சேரும் வாரத்திலேயே அவரை அங்கே அழைத்துப்போய் அறிமுகப்படுத்திவிடுங்கள். பிறகு அவசரத்தில் சீட்டு எழுதி அனுப்பும்போது மாணவர் வரிசையில் தவிக்கமாட்டார்.

மீதமிருப்பவை

யோகா நல்லதுதான், விரும்பியவர்களுக்கு. எல்லோரையும் வெயிலில் பாய் விரிக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. செயலி வாங்குங்கள், ஊக்கமூட்டும் பேச்சாளரை அழையுங்கள் என்று தனியார் நிறுவனங்கள் தொகுப்பாகக் கொண்டுவருகின்றன. பிரச்சினை என்று வந்தால் நேரில் நிற்பது யார் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

முதலுதவிப் பயிற்சியை மட்டும் நான் கூடுதலாகச் சேர்ப்பேன். 2004 சுனாமி, 2011 தானே, 2024 ஃபெஞ்சல் என்று கடல் நம்மைச் சும்மா விடுவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்துகளுக்கும் குறைவில்லை. நெஞ்சின் நடுவில், ஐந்து சென்டிமீட்டராவது அழுந்தும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவதை பொம்மையில் செய்து பார்த்த மாணவர் 108 வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டார். அரை நாள் போதும். எப்போதும் கடைசி பெஞ்சில் இருக்கும் பையன்கள் இந்தப் பயிற்சியில் முன்னால் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் போதும் என்றால் பகுதிநேர ஆலோசகர், அவர் வகுப்பில் நடத்தும் ஐந்து மணி நேரம். பெண்கள் கல்லூரி என்றால் அதோடு ஹீமோகுளோபின் பரிசோதனையும் மாதாந்திரப் பின்தொடர்தலும் சேர வேண்டும், அதற்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தோடு ஜூலையிலேயே பேசிவிட வேண்டும். பணமே இல்லாத கல்லூரி முதலில் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம், விடுதிக் கதவுகளிலும் கழிப்பறைச் சுவர்களிலும் 14416-ஐ ஒட்டலாம், செஞ்சுருள் சங்கப் பிள்ளைகளில் பதினைந்து பேருக்குப் பயிற்சி கொடுக்கலாம். எதைச் செய்தாலும் மார்ச் மாதம் இரண்டு எண்ணிக்கையை எடுங்கள்: யாரும் அனுப்பாமல் தானாக ஆலோசகரைப் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர், ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்த பெண்களில் மறுபரிசோதனை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர். அடுத்த ஜூன் கூட்டத்துக்கு அந்தத் தாளை எடுத்துப் போங்கள்.